மலைப்பூவும் பானைத் தண்ணீரும்

விஷ்ணுகிரந்திப் பூவுக்கு இதழ் எத்தனை என்று கேட்டால் ஐந்து என்றுதான் பலரும் சொல்வார்கள். தவறு. இதழ் ஒன்றுதான். வட்டமான அந்த ஒரே இதழில் ஐந்து மடிப்புகள் உண்டு. அவசரமாகப் பார்க்கிறவர் அவற்றை ஐந்து இதழ்களாக எண்ணிவிடுவார். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பூ. நல்ல நீலம், நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. காலை வெயில் பட்டதும் விரியும், மதியத்துக்குள் சுருண்டுவிடும். செடி தரையோடு தரையாகக் கிடக்கும். கம்பி போன்ற தண்டுகள், ரோமம் படிந்த சின்ன இலைகள். பாறை இடுக்கில் ஒரு பிடி மண் இருந்தால் போதும், வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

இந்த இதழ்க் கணக்கை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. என் பிழைப்பு அப்படி. கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருப்பு பார்க்கிற வேலை. போல்ட்டு, நட்டு, வாஷர், பேரிங் என்று எல்லாவற்றையும் எண்ணிச் சொல்ல வேண்டும். வேலையால் வந்த பழக்கமா, பழக்கத்தால் கிடைத்த வேலையா என்று தெரியாது. கோயிலில் பிரசங்கம் நீண்டால் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். ரயிலில் போகும்போது எதிரே வரும் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவேன். பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறிவிட்டால் அன்று முழுக்க எதையோ தொலைத்ததுபோல இருக்கும்.

இப்படிப்பட்டவனை ஒருத்தி ஐந்து வருஷம் ஏமாற்றினாள். அவள் என் மனைவி. எண்பது தாண்டிய பிறகும் அதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அறுபதுகளின் நடுவில், கல்யாணமான சில வருஷங்களில், அவளுக்கு டி.பி. வந்தது. அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய ஒரு வருஷம் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே அங்கே போவேன். அந்த வார எடை எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, இருமல் எத்தனை தடவை என்று கேட்பேன். பார்வையாளர் நேரம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆளில்லாத வீட்டுக்குத் திரும்ப மனம் வராது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பச்சைமலை. அதில் ஏறி ஒரு பாறையில் உட்கார்ந்திருப்பேன்.

அங்கேதான் அந்தப் பூவைப் பார்த்தேன். சுற்றிலும் கருங்கல். கையை வைத்தால் சுடும். ஒரு விரிசலில் சாம்பல் நிறச் செடி ஒன்று, அதில் பதினாலு நீலப் பூக்கள். எதைத் தின்று உயிரோடு இருக்கிறது என்று புரியவில்லை. அடுத்த ஞாயிறும் அதே இடத்துக்குப் போனேன். பதினெட்டு இருந்தது. அந்த வாரம் அவளுடைய எடையும் கூடியிருந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். நான் படித்தவன், சகுனம் பார்ப்பது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். ஆனாலும் அதற்குப் பிறகு செடியை எண்ணாமல் மலையைவிட்டு இறங்கியதில்லை.

அவளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். மேலே இருந்த செடி ஒரு சாண் அகலம்தான். வேரோ கட்டைபோல விரிசலுக்குள் எங்கேயோ போய்க்கொண்டே இருந்தது. கல்லைச் சில்லு சில்லாகப் பெயர்த்து, வேர் அறாமல் எடுத்து, காலி பிஸ்கட் டின்னில் மலைச்சரளையைப் போட்டு நட்டேன். ஜட்கா வண்டியில் வீட்டுக்கு வரும்போது டின்னை அவள் மடியில் வைத்தேன்.

"இது எதுக்கு?"

"பாறையில ஒண்ணுமே இல்லாம பிழைச்சுக் கிடக்குது. நீயும் அப்படிப் பிழைச்சுக்குவே."

"இது செத்துப்போச்சுன்னா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சாகாது. இது பல வருஷம் இருக்கிற செடி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திக்கொண்டு டின்னை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பார்வையில் தொடங்கியதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மேற்குத் தாம்பரத்தில், காலி மனைகளுக்கு நடுவே, காம்பவுண்டுச் சுவரோடு ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தோம். டி.பி. வந்த வீடு என்பதால் யாரும் அதிகம் வந்து போகவில்லை. பழைய பள்ளிக்கூடமும் அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் ஒருவர் மட்டும் தன் இரண்டு பெண்களையும் அவளிடம் பாடம் படிக்க அனுப்பினார். எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்த ஒரே வெளியாளும் அவர்தான்.

டின் சமையலறை ஜன்னலின் வெளித்திண்டில் இருந்தது. காலையில் சைக்கிளை எடுக்குமுன் பூக்களை எண்ணி உள்ளே குரல் கொடுப்பேன். "இன்னைக்கு ஒன்பது." அவள் அடுப்படியிலிருந்து "சரி" என்பாள். எண்ணிக்கை ஏறினால் ரயிலில் நின்றுகொண்டு போவதுகூட சுகமாக இருக்கும். இறங்கினால் ஸ்டோர்ஸில் வேலை ஓடாது. ஒருமுறை பதினொன்று இரண்டாகிவிட்டது. அன்று லீவு போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் சோதித்துவிட்டு, "என்ன தொந்தரவு?" என்று கேட்டார். பூ குறைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? சோர்வாக இருக்கிறாள் என்றேன். "சோர்வாக இருப்பது நீங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

மாலையில் தெர்மாமீட்டர். டி.பி. காய்ச்சல் சாயங்காலத்தில்தான் தலைகாட்டும். நான் வேலையிலிருந்து வந்து, சைக்கிளை நிறுத்திக் கை கால் கழுவிக்கொண்டு, அவள் வாயில் தெர்மாமீட்டரை வைப்பேன். விளக்கடியில் பிடித்துப் பாதரசத்தைப் பார்ப்பேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. பெரும்பாலும் அதுதான். அதற்குமேல் ஒரு கோடு ஏறினால் எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. அது அவளுக்குத் தெரியும்.

செடிக்கு எங்கள் வீட்டில் மலைப்பூ என்று பெயர். ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒரு அம்மாள் அதன் பெயரைக் கேட்டபோது கிறிஸ்தவ வீட்டில் விஷ்ணு பெயர் வேண்டாமென்று என் மனைவி சட்டென்று அப்படிச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள், "விஷ்ணுகிரந்தி மாதிரி இருக்கே" என்றார். "அது வேற, இது வேற" என்றாள் இவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அவள் பொய் சொன்ன லாகவத்தை அன்றைக்கு நான் ரசித்தேன்.

வருஷாவருஷம் மே மாதம் என்னைக் கோயம்புத்தூர் கிளைக்கு இருப்பு எடுக்க அனுப்புவார்கள். இரண்டு வாரம் ஆகும். முதல் வருஷம் போகும்போது செடியை நினைத்துத்தான் பயந்தேன். கத்திரி வெயில். நான் கிளம்பும்போதே இலை நுனிகள் கருக ஆரம்பித்திருந்தன. திரும்பி வந்து பையைக்கூட வைக்காமல் ஜன்னல் பக்கம் ஓடினேன். செடி பச்சையாக இருந்தது. ஏழு பூக்கள். தண்டுகள் மட்டும் முன்னைவிட அதிகமாக இருந்தன.

"நாலா இருந்தது எட்டாயிருக்கே!"

"நீங்க இல்லாம நிம்மதியா வளர்ந்திருக்கு" என்றாள்.

சிரித்தேன். அந்த வெயிலைத் தாண்டிவிட்டது என்ற சந்தோஷத்தில் எட்டுத் தண்டு எப்படி வந்தது என்று நான் குடையவில்லை. பத்து வாஷர் குறைந்தால் ஸ்டோர்ஸைத் தலைகீழாகப் புரட்டுகிறவன், நாலு தண்டு கூடினதற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கூடினால் யாரும் கேள்வி கேட்பதில்லை, குறைந்தால்தான் கேட்போம். இருப்பு எடுக்கிற தொழிலில் இதுதான் முதல் பிழை என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

இரண்டாம் வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷமும். மே மாதத்துச் செடி என்று அதற்கு ஆபீசில் ஒரு பெயரே வந்துவிட்டது. மலைச்செடியைத் தரையில் இத்தனை வெயிலில் காப்பாற்றுகிறவர் என்று என்னைப் பற்றிப் பேசுவார்கள். நான் மறுத்ததில்லை. அவளும் தேறிவிட்டாள். கன்னம் உப்பியது. வேறொரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. அவளையும் செடியையும் சேர்த்தே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வருஷம் கோயம்புத்தூரிலிருந்து திரும்பியபோது டின்னில் பூ இல்லை. இலை மட்டும் இருந்தது. இரண்டு நாள் அவளுடன்கூடச் சரியாகப் பேசவில்லை. அடுத்த காலையில் ஒரு பூ விரிந்தது. வெள்ளைப் பூ.

நீலமே இல்லை. சுண்ணாம்பு வெள்ளை. எனக்கு மனசு கலங்கிவிட்டது. அவளை வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், நகங்களைப் பார்த்தேன். "ரத்தம் குறைஞ்சிருக்கா உனக்கு?" என்று கேட்டேன்.

"பூவுக்கா, எனக்கா?" என்றாள். குரல் ஏதோபோல இருந்தது. பயத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

ஒரு வாரம் முருங்கைக்கீரை வாங்கிக் குவித்தேன். பிறகு மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு காரணம் கண்டுபிடித்தேன். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. உப்பு ஏறி ஏறி நிறம் வெளுத்திருக்கும். இதை உறுதிப்படுத்திக்கொள்ள, ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஒருவரைப் பிடித்தேன். எங்கள் சபையைச் சேர்ந்தவர், பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர். குடையை மடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"இம்பாஸிபிள், பிரதர். வெள்ளை வகைன்னு தனியா ஒண்ணு இருக்கு. அது அதுவாத்தான் பூக்கும். ஒரே வேர் நாலு வருஷம் நீலமா பூத்துட்டு அஞ்சாவது வருஷம் வெள்ளையா பூக்காது."

"தண்ணி உப்பு சார்."

"உப்பானா செடி போயிடும், கலர் மாறாது. அது இருக்கட்டும், மே மாசத்துல அது பச்சையாவா இருக்கு? மலையில போய்ப் பாருங்க, அந்த வெயில்ல மேல இருக்கிறதெல்லாம் காஞ்சு சுள்ளியாயிடும். செத்த மாதிரியே இருக்கும். மழை விழுந்ததும் அடிக்கட்டையிலேருந்து திரும்ப வரும். பெரென்னியல்னா அதான்."

"எங்க வீட்டுது காயறதே இல்ல சார்."

"அப்ப வீட்டுல யாரோ நல்லா பார்த்துக்கிறாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் நான் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். அவளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

ஜூலையில் ஒரு நாள் சைக்கிளுக்குக் காற்றடிக்க பாய் கடையில் நின்றேன். பேச்சு எதற்கோ தொடங்கி, என் செடியின் அதிசயத்தை அவரிடமும் சொன்னேன். பம்ப்பை அழுத்திக்கொண்டே சிரித்தார்.

"அட, அதுவா சார்! நான் அப்பவே டீச்சரம்மாகிட்ட சொன்னேனே. இந்த தபா பூ உட்ட செடி ஒண்ணுகூட சிக்கல, பூவே இல்லாம கீது, இன்னா கலரு வருமோ அல்லாவுக்குத்தான் வெளிச்சம்னு. வெள்ளையா பூட்சா? அடப்பாவமே!"

பம்ப்பை அழுத்துவது நின்றது. அவருக்கும் உறைத்துவிட்டது.

"எந்தத் தபா?" என்றேன்.

"சார்... நீங்கோ கோச்சுக்கக் கூடாது."

"எத்தனை தபா பாய்?"

அவர் வலது கை விரல்களை மடக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு மே மாதம் அவர் ஞாபகத்தில் இருந்திருக்க வேண்டும். கட்டைவிரல் வரைக்கும் வந்துவிட்டது.

"ஆட்டுக்குத் தழை ஒடிக்க நான் மலைக்குப் போறதுதானே சார். கொஞ்சம் ஏறினா ஊத்துக்கசிவுல எப்பவும் பச்சையா ரெண்டு மூணு கெடக்கும். டீச்சரம்மா கேட்டா முடியாதுன்ற பேச்சுக்கே எடமில்ல. என் பொண்ணுங்க ரெண்டும் படிக்கிதுன்னா அவங்களாலதான். நல்ல எண்ணத்துலதான் சார் செஞ்சாங்கோ. பேஜாராக்கிடாதீங்கோ."

காற்று முழுக்க நிரம்பாத டயரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அவர் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். செடியோடு அவர் வந்து போனதைப் பார்த்த அக்கம்பக்கத்தாருக்கும் தெரிந்திருக்கும். தினம் காலையில் ஜன்னல் ஓரத்தில் நின்று நான் எண்ணுவதை எத்தனை பேர் பார்த்துச் சிரித்திருப்பார்கள்?

அவள் முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே கேட்டேன்.

"நான் கொண்டுவந்த செடி எங்கே?"

அவள் தலை நிமிரவில்லை. கையில் இருந்த மொச்சையை உரித்து முடித்தாள்.

"முதல் வருஷமே போயிடுச்சுங்க. நீங்க ஊருக்குப் போன நாலாம் நாளு. சுள்ளியா காஞ்சுபோச்சு. தண்ணி ஊத்திப் பார்த்தேன். வரலை."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"என்னன்னு சொல்றது? செடி செத்துப்போச்சுன்னா? அதுக்கு என்ன அர்த்தம்னு ஜட்காவுலயே உங்க மூஞ்சியில எழுதியிருந்துது. நான் அப்பதான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்து நடக்க ஆரம்பிச்சிருக்கேன். நீங்க வந்து, காஞ்ச செடியைப் பார்த்துட்டு, அப்புறம் திரும்பி என்னைப் பார்ப்பீங்க. அந்தப் பார்வையை என்னால தாங்க முடியாது. அதுக்கு இருமலே தேவலை."

"அதுக்கப்புறம் நாலு தடவை?"

"ஒரு தடவை மாத்தினதுக்கப்புறம் எப்படிங்க நிறுத்துறது?"

கோபத்தில் ஒரு குளிர்ச்சி வந்தது. செடியை மறைத்தவள் வேறு எதை மறைத்திருப்பாள்? இரண்டு விஷயங்களை நான் எண்ணினேன். பூ ஒன்று, பாதரசம் இன்னொன்று.

"தெர்மாமீட்டர்?" என்றேன்.

அவள் பதில் சொல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பொய் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். அன்றைக்கென்று பார்த்து உண்மையைச் சொன்னாள்.

"நீங்க சைக்கிளை நிறுத்துற சத்தம் கேட்டதும் வாய் குளிரட்டும்னு பானைத் தண்ணி ஒரு டம்ளர் குடிப்பேன். முதல் ரெண்டு வருஷம். உடம்பு கதகதன்னு தோணின அன்னைக்கு மட்டும்."

"எத்தனை நாள் அப்படித் தோணிச்சு?"

"நான் எண்ணலைங்க."

மொச்சைத் தோல் முற்றம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. நான் விளக்கடியில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நிம்மதியாக மூச்சுவிட்ட அத்தனை தொண்ணூற்றெட்டு புள்ளி நாலும் மண்பானைத் தண்ணீரின் சூடாக இருந்திருக்கலாம். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்த இரண்டு வருஷத்தை யாராலும் திரும்ப எண்ண முடியாது. அவள் நெஞ்சில் நோய் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தால்? நானே விளக்கைப் பிடித்து அதற்குக் காவல் காத்திருக்கிறேன்.

"நாளைக்கு எக்ஸ்ரே" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க."

"இனிமே நீ சொல்றதை நான் எப்படி நம்புறது?"

அவள் முதல்முறையாக அழுதாள். நான் தேற்றவில்லை.

எக்ஸ்ரே எடுத்து, முடிவு வர இரண்டு வாரமானது. அந்த இரண்டு வாரமும் ராத்திரி மழை. நாங்கள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். நான் பூவை எண்ணவில்லை. தெர்மாமீட்டரை டப்பாவிலிருந்து எடுக்கவில்லை. பாய் ஒரு தடவை வாசல் வரைக்கும் வந்து, "சார், என்மேல எதுனா..." என்று தொடங்கினார். நான் உள்ளே போய்விட்டேன். தூக்கம் வராமல் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மூச்சு சரியாகத்தான் இருந்தது. அதையும் நம்ப முடியவில்லை. தூங்குவதுபோல நடிக்கிறாளோ என்று தோன்றியது.

முடிவு வாங்க ஒரு காலையில் போனோம். பழைய டாக்டரே இருந்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பழைய தழும்பு. காஞ்சு சுண்ணாம்பாயிடுச்சு. புதுசா ஒண்ணுமில்லை. யார் வரச் சொன்னது?"

அவள் என்னைக் காட்டினாள். டாக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார், என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அதற்கு முயன்றுகூடப் பார்த்தேன். ஐந்து வருஷம் நான் விழுந்து விழுந்து எண்ணியது ஒன்றும் அவளைக் காப்பாற்றவில்லை. நான் எண்ணியது எல்லாமே தப்பு. தப்பான எண்களின் மேல் அவள் தன்பாட்டுக்குத் தேறியிருக்கிறாள். அவள் பிழைத்ததில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எக்ஸ்ரேயில் எங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் திண்டிலிருந்து டின்னை எடுத்தேன். வெள்ளைப் பூ மூன்று இருந்தது. அதைத் தூக்கி எறிய வேண்டும். காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் காலி மனை. வீடு கட்டியபோது மீந்த ஜல்லியும் உடைந்த கல்லும் அங்கே குவிந்து கிடந்தன. சாக்கடைக் கசிவும் காரைமுள்ளும் இருந்ததால் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. அவள்தான் குப்பை கொட்டப் போவாள்.

முள்ளை ஒதுக்கிக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனேன். ஜல்லிக் குவியல் நீலமாக இருந்தது.

குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மழையில் நனைந்த கருங்கல் சில்லுகளுக்கு நடுவே, கட்டைபோல் தடித்த அடிகளிலிருந்து, கம்பித் தண்டுகள் நாலாபக்கமும் படர்ந்து கிடந்தன. முழங்கை நீளம். டின்னில் இருந்தது எதுவும் இவ்வளவு வளர்ந்ததில்லை. கோயில் வாசலில் தாவரவியல்காரர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. மேலே காய்ந்ததைச் செத்ததென்று நினைத்து, வருஷாவருஷம் வேரோடு பிடுங்கி இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறாள். கல்லில் விழுந்தது, மழைக்குக் காத்திருந்து பிழைத்துக்கொண்டது.

முதுகுக்குப் பின்னால் அவள் வந்து நின்றாள்.

"டின்னை எடுத்துக்கிட்டு எங்கே போனீங்கன்னு..." என்று தொடங்கியவள் குவியலைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குப்பைக்கூடையைச் சுவர் மேலேருந்துதாங்க கவுத்துட்டுப் போவேன். எட்டிப் பார்த்ததில்ல. செத்துப்போச்சுன்னுதான் போட்டேன். சத்தியமா."

"எல்லாத்தையும் இங்கேதான் போட்டியா?"

"எல்லாத்தையும்."

ஐந்து செடி வந்திருக்க வேண்டும். நான் கொண்டுவந்தது ஒன்று, பாய் கொண்டுவந்ததில் நாலு. ஆறாவது என் கையில் இருந்தது. அடிக்கட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். நாலுதான் இருந்தது. ஜல்லியைக் கிளறி மறுபடி எண்ணினேன். நாலுதான்.

"முதல்ல போட்டது எது?"

"அந்த ஓரமாத்தான் போட்டேன்..." கையை நீட்டியவள் தயங்கினாள். "இல்ல, இங்கேயா இருக்கும். அப்போ இந்தக் குவியல் இவ்வளவு பரவலாவா இருந்துது?"

"நான் கொண்டுவந்தது இதுல இருக்கா இல்லையா?"

"தெரியலைங்க."

எல்லாம் ஒரே நீலம். எந்தப் பூவிலும் அதே ஐந்து மடிப்பு, அதே வெள்ளைப் புள்ளி. அவளைப் பிழைக்க வைக்கவென்று நான் பாறையைப் பெயர்த்து எடுத்த செடி இந்த நாலில் ஒன்றாக இருக்கலாம். வராமல் போன அந்த ஒன்றாகவும் இருக்கலாம். எனக்கு அழுகை வந்தது. அவள் எதிரில் அழக்கூடாது என்று கோபப்பட்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா மழை வர்ற வரைக்கும் காத்திருந்திருக்கலாம்ல? ரெண்டு மாசம். அதுவே வந்திருக்கும். நம்ம செடியே வந்திருக்கும்."

"நீங்களா?" என்றாள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். "சுள்ளியைப் பார்த்துக்கிட்டு, என்னையும் பார்த்துக்கிட்டு, மழை வர்ற வரைக்கும் நீங்களா?"

நான் எழுந்து முள்ளைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டேன். டின் எங்கே போனது என்று பார்க்கவில்லை. மறுநாள் அது ஜன்னல் திண்டில் இருந்தது. அவள் எடுத்து வைத்திருக்கிறாள். வெள்ளைப் பூக்களோடு அடுத்த மே மாதம் வரை இருந்தது. காய்ந்தபோது இருவரும் பார்த்தோம். யாரும் பிடுங்கவில்லை. மழைக்கு அது வரவும் இல்லை.

எழுபதுகளில் பின்மனையை ஒருவர் வாங்கி வீடு கட்டினார். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே ஜல்லியை லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் செடியில் ஒன்றையாவது நான் எடுத்து வைத்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எது என்னுடையது என்று தெரியாததை எதற்கு எடுப்பது என்று சொல்லியிருப்பேன்.

பாயுடன் பேச்சு திரும்ப வந்துவிட்டது. சைக்கிளுக்குக் காற்றடிக்க வேறு எங்கே போவது? அவரிடம் எனக்குக் கோபம் நீடிக்கவில்லை. விரலை மடக்கிச் சரியாக எண்ணிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அவள் இன்னும் இருக்கிறாள். அவளுக்கும் எண்பதை நெருங்குகிறது. அவ்வப்போது இருமல் வரும். "ஒண்ணுமில்லைங்க, தூசி" என்பாள். சரி என்று சொல்லிவிட்டு, பேப்பர் எடுக்கப் போகிறவன்போல எழுந்து சமையலறைக்குப் போவேன். பானைக்குப் பக்கத்தில் டம்ளர் கவிழ்ந்திருக்கும். அதை நிமிர்த்தி உள்ளே விரலை விட்டு, ஈரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன்.